நெருக்கடியைக் கடத்துதல்: கல்லூரி மாணவர் தற்கொலைத் தடுப்பின் அறிவியல்

உயிரை விடுவது என்று முடிவெடுத்துவிட்டவரை யாராலும் தடுக்க முடியாது, ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியைத் தேடிக்கொள்வார் என்ற பேச்சு துக்க வீட்டுத் திண்ணையில் மட்டுமல்ல, கல்லூரி நிர்வாகக் கூட்டங்களிலும் கேட்கிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் இது சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு கூற்று. இது உண்மையானால், கடைசி நேரத்தில் தடுத்து நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் பின்னர் வேறு விதத்தில் உயிரை மாய்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் சைடன் 1978-ல் அதைத்தான் தேடிப் பார்த்தார். கலிபோர்னியாவில் ஒரு பெரிய பாலத்தில் 1937 முதல் 1971 வரை காவலர்களால் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரின் பெயர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று இறப்புப் பதிவேடுகளில் துருவினார். ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள், அல்லது நோய், முதுமை போன்ற இயற்கைக் காரணங்களால் இறந்திருந்தார்கள். ஒருமுறை முயன்றவருக்கு மற்றவர்களைவிட ஆபத்து அதிகம் என்பதும் உண்மைதான். எல்லா ஆய்வுகளும் அதை உறுதி செய்கின்றன. இரண்டும் முரண்பாடல்ல. ஆபத்து அதிகமாக இருந்தும் மிகப் பெரும்பாலோர் பிழைத்து வாழ்கிறார்கள்.

ஏன் இப்படி? ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகர மருத்துவமனையில், தற்கொலைக்கு முயன்று பிழைத்த 82 பேரிடம் சில நாட்களுக்குள் ஒரு கேள்வி கேட்டார்கள். அந்த எண்ணம் வந்ததற்கும் முயற்சிக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருந்தது? 2009-ல் வெளியான அந்த ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேர் சொன்ன பதில்: பத்து நிமிடம், அல்லது அதற்கும் குறைவு. வேதனை மாதக்கணக்கில் இருந்திருக்கலாம். ஆனால் அது செயலாக மாறிய கட்டம் மிகக் குறுகியது. இந்தக் குறுகிய கட்டத்தையே மனநல மருத்துவம் 'தற்கொலை நெருக்கடி' என்கிறது.

நெருக்கடியின்போது மனம் எப்படி இயங்குகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன் நீண்ட காலம் ஆராய்ந்தார். அவர் கண்ட முக்கியமான அடையாளம் பார்வைக் குறுக்கம். பிரச்சினைக்கு ஏழெட்டுத் தீர்வுகள் இருந்தாலும் அந்த நேரத்தில் இரண்டே கண்ணுக்குத் தெரிகின்றன: எல்லாம் உடனே சரியாக வேண்டும், இல்லையென்றால் எதுவுமே வேண்டாம். அப்போதும் சாக வேண்டும் என்ற எண்ணமும் யாராவது காப்பாற்ற மாட்டார்களா என்ற ஏக்கமும் ஒரே மனத்தில் அருகருகே இருக்கின்றன. தற்கொலைத் தடுப்பு முழுவதும் இந்த இரண்டாவது குரலை நம்பித்தான் நடக்கிறது.

இதைக் காய்ச்சலோடு ஒப்பிடலாம். நடு இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் உச்சிக்கு ஏறும்போது பாட்டி நெற்றியில் ஈரத்துணி போடுகிறாள். துணி கிருமியைக் கொல்லாது. நோய்க்கு மருந்து தனி. ஆனாலும் அந்த உச்சத்தைக் கடத்திவிட்டால்தான் விடிந்ததும் மருத்துவரிடம் போக முடியும். தற்கொலைத் தடுப்பிலும் இந்த இரண்டு வேலைகள் உண்டு. உச்சத்தைக் கடத்துவது ஒன்று. அடியில் இருக்கும் மனச்சோர்வு, போதைப் பழக்கம், கடன், அவமானம், வீட்டு வன்முறை ஆகியவற்றைச் சரிசெய்வது மற்றொன்று. பொதுப் பேச்சில் இரண்டாவதைப் பற்றியே அதிகம் பேசப்படுகிறது. முதலாவதை அறிவியல் அறிந்திருக்கும் அளவுக்கு ஊர் அறியவில்லை.

இந்தியாவில் இந்தப் பிரச்சினை எவ்வளவு பெரியது? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள்; அவர்களில் 13,044 பேர் மாணவர்கள். இது காவல் நிலையப் பதிவுகளிலிருந்து திரட்டிய எண். வழக்குக்கும் ஊர்ப் பேச்சுக்கும் அஞ்சி 'வயிற்றுவலி', 'தவறி விழுந்தது' என்று எழுதப்படும் இறப்புகள் இதில் சேர்வதில்லை. விடுபட்டது எவ்வளவு என்பதை முதலில் துல்லியமாகக் காட்டியவர்களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினரும் உண்டு. கணியம்பாடி வட்டாரத்தில் சுமார் ஒரு லட்சம் மக்களிடையே அவர்களுடைய சுகாதாரப் பணியாளர்கள் ஊர் ஊராகத் தொடர்ந்து போய்வருபவர்கள். ஒவ்வோர் இறப்புக்குப் பிறகும் வீட்டாரோடும் அக்கம்பக்கத்தாரோடும் உட்கார்ந்து, கடைசி நாட்களில் நடந்ததை விசாரித்துக் காரணத்தைக் கண்டறிந்தார்கள். இதற்கு வாய்மொழிப் பிரேத ஆய்வு என்று பெயர். 1992 முதல் 2001 வரை திரட்டிய தகவல் 2004-ல் லான்செட் இதழில் வந்தது. 10 முதல் 19 வயது வரையிலான பெண்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 பேர், ஆண்களில் 58 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அந்தக் காலத்து அதிகாரபூர்வ தேசிய சராசரி, எல்லா வயதினரையும் சேர்த்தே, லட்சத்துக்குப் பத்து பதினொன்றுதான்.

கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடையே உள்ள காடாம்புலியூரை எடுத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினையின் உள்ளூர் முகம் தெரியும். சுற்றிலும் முந்திரித் தோப்பும் பலாவும். நெய்வேலி நகரியத்து வீடுகளும், தோப்பை நம்பிய வீடுகளும், முந்திரிக்கொட்டை உடைக்கும் வீடுகளும் ஒரே பேருந்துத் தடத்தில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகின்றன. பல வீடுகளில் அந்தப் பிள்ளைதான் முதல் பட்டதாரி. முந்திரி பூவெடுக்கும் தை, மாசி மாதங்களில் தேயிலைக் கொசு என்னும் பூச்சிக்கு மருந்தடிப்பார்கள். அடித்தது போக மிஞ்சிய மருந்து யூரியா மூட்டைக்குப் பக்கத்தில், கைத்தெளிப்பானுக்குக் கீழே, அடுத்த பருவம் வரை அப்படியே கிடக்கும். அதற்குள் சித்திரை வந்துவிடும். பருவத் தேர்வு, அரியர், பிளஸ் டூ முடிவு, அடுத்த ஆண்டு ஃபீஸ் எல்லாம் அதையொட்டித்தான். ஆபத்தான பொருள் வீட்டுக்குள் கிடக்கும் காலமும் மனநெருக்கடி மிகும் காலமும் ஒன்றாகிவிடுகின்றன.

நெருக்கடி குறுகியது, அப்போது கைக்கெட்டுவதே உயிரைத் தீர்மானிக்கிறது என்றால், கைக்கெட்டாமல் செய்வதே முதல் மருத்துவம். இதை 'அணுகல் கட்டுப்பாடு' எனலாம். இதற்கான வலுவான சான்று இலங்கையில் கிடைத்தது. அங்கே 1995 வாக்கில் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 என்ற அளவுக்கு உயர்ந்து, உலகிலேயே மிக மோசமான நாடுகளில் ஒன்றாக இருந்தது. 1980-களில் தொடங்கி, மனிதருக்கு மிகவும் நஞ்சான பூச்சிக்கொல்லிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. 1995-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் விகிதம் ஏறக்குறைய பாதியானது; பிறகும் இறங்கியது. விளைச்சல் குறையும் என்று பயந்தார்கள். நெல் மகசூலில் அப்படி எந்தச் சரிவும் தெரியவில்லை. நஞ்சருந்தி மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை என்பது இதில் கவனிக்க வேண்டிய செய்தி. மனவேதனை அப்படியேதான் இருந்தது. வந்தவர்களில் பிழைத்து வீடு திரும்பியவர்கள் கூடினார்கள். ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழி என்ற நம்பிக்கை ஒரு நாட்டளவில் பொய்யானது இப்படித்தான்.

கடலூர் மாவட்டத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சென்னையில் 1986-ல் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும் காட்டுமன்னார்கோயில் வட்டாரக் கிராமங்களில் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு கிராமங்களில், ஊராரின் பங்கேற்போடு, பூச்சிமருந்துக்கென்று ஒரு பொதுக் கிடங்கு கட்டினார்கள். உள்ளே வங்கி லாக்கர் போலப் பூட்டிய பெட்டிகள். சாவி அந்தந்தக் குடும்பத்திடமே. வேண்டியபோது போய் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மருந்து வீட்டில் இருக்காது. ஒப்பீட்டுக்காக வேறு இரண்டு கிராமங்களை எந்த மாற்றமும் இல்லாமல் கவனித்தார்கள். ஒன்றரை ஆண்டு பார்த்ததில் கிடங்கு இருந்த ஊர்களில் பூச்சிமருந்துத் தற்கொலைகளும் முயற்சிகளும் குறைந்தன. 2013-ல் வெளியான இந்த ஆய்வு சிறியது. நான்கு கிராமங்களை வைத்து முடிவாக எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் விவசாயிகள் இதை ஏற்றுக்கொள்வார்களா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது: ஏற்றுக்கொண்டார்கள்.

அப்படியானால் வீட்டுக்கு வீடு ஒரு பூட்டுப் பெட்டி கொடுத்தால் போதுமே என்று தோன்றும். இலங்கையின் வடமத்தியப் பகுதியில் 180 கிராமங்களில் அதையும் செய்து பார்த்தார்கள். பாதிக் கிராமங்களில் வீடுதோறும் பெட்டி, மீதியில் இல்லை. 2017-ல் வந்த முடிவு ஏமாற்றமாக இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை. பெட்டி வீட்டிலேயே இருந்தால் சாவியும் வீட்டிலேயே இருக்கும். நல்ல நோக்கம் வேறு, பலன் வேறு என்பதை ஒப்பீட்டுக் குழு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நஞ்சு மிகுந்த மருந்துகளைச் சந்தையிலிருந்தே அகற்றுவது போல எதுவும் பலன் தரவில்லை. இந்தியாவில் அந்த அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. 1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி ஒரு மாநிலம் தற்காலிகமாக 60 நாள், நீட்டித்தால் 90 நாள் தடைதான் விதிக்க முடியும். தமிழ்நாடு சில மருந்துகளுக்கு அப்படி விதித்தும் பார்த்திருக்கிறது.

கல்லூரி மாணவர் பக்கம் வரும்போது 'தேர்வில் தோற்றதால் விபரீத முடிவு' என்ற செய்தித்தாள் தலைப்பு நினைவுக்கு வருவது இயல்பு. அந்தத் தலைப்பு பாதிக்கு மேல் தவறு. மாணவர் இறப்புகளில் தேர்வுத் தோல்வி என்று பதிவாவது சிறு பங்குதான்; குடும்பப் பிரச்சினை, நோய், காதல், கடன், சாதி அவமதிப்பு, ராகிங் என்று காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒரே ஒரு காரணத்தால் நேரும் தற்கொலை அரிது. ஆனாலும் தேர்வு என்பது அரசால் மாற்றக்கூடிய ஒன்று. தமிழ்நாடு மாற்றியும் காட்டியது. முன்பு பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தவறினாலும் ஓர் ஆண்டு போய்விடும். கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போக, தவறியவர் வீட்டில் உட்கார வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் வந்த உடனடித் துணைத்தேர்வு அதை மாற்றியது. சில வாரங்களில் மறுபடி எழுதி, அதே ஆண்டில் கல்லூரியில் சேரலாம். இதற்காக வாதாடியவர்களில் சிநேகா அமைப்பினர் முக்கியமானவர்கள். 2017-ல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கமும் நின்றது. பார்வைக் குறுக்கத்தால் இரண்டே வழி தெரியும் மனத்துக்கு மூன்றாவது வழியை அரசே திறந்து வைத்தது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். கல்லூரிகளில் அரியர் தேர்வுக்கு அடுத்த பருவம் வரை காத்திருக்க வைக்கும் ஏற்பாடு பல இடங்களில் இன்னும் தொடர்கிறது. ஃபீஸ் பாக்கிக்காக ஹால் டிக்கெட்டை நிறுத்துவதும் அப்படித்தான். கவுன்சலிங் அறை திறப்பதைவிட இந்த இரண்டையும் சரிசெய்வது செலவு குறைந்த தடுப்பு.

கல்வி நிறுவனத்துக்குள் எது பலன் தருகிறது என்பதற்கு ஐரோப்பாவில் பத்து நாடுகளில், 168 பள்ளிகளில், 11,110 மாணவர்களிடம் நடந்த ஆய்வு நல்ல சான்று. பள்ளிகளைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் ஆசிரியர்களுக்கு, ஆபத்தில் இருக்கும் மாணவரைக் கண்டுபிடித்து அனுப்பும் 'வாயிற்காப்போர்' பயிற்சி. இன்னொன்றில் கேள்வித்தாள் கொடுத்து, ஆபத்தில் இருப்பவரைச் சலித்தெடுக்கும் முறை. மூன்றாவதில் மாணவர்களே தங்களுக்குள் நடித்துப் பார்த்து, பேசி, மனநெருக்கடியை எப்படிக் கையாள்வது என்று சுமார் ஐந்து மணி நேரம் பழகினார்கள். நான்காவதில் சுவரொட்டிகள் மட்டும். 2015-ல் வந்த முடிவின்படி, ஓராண்டுக்குப் பிறகு தற்கொலை முயற்சிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது மூன்றாவது பிரிவில் மட்டுமே. ஆசிரியர் பயிற்சியும் சலித்தெடுப்பும் சுவரொட்டியைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலாக இல்லை. ஆண்டுக்கொரு முறை அரங்கத்தில் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு பேச்சாளரை அழைக்கும் வழக்கத்தைப் பற்றி இதைக் கொண்டே முடிவு செய்யலாம். இது பள்ளி மாணவரிடம் நடந்த ஆய்வு என்றாலும், மாணவர் முதலில் மனம் திறப்பது பக்கத்து பெஞ்சு நண்பரிடம்தான் என்பது கல்லூரிக்கும் பொருந்தும்.

அந்த நண்பரைத் தடுப்பது ஒரு பயம்: 'சாகணும்னு தோணுதா' என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ? நியூயார்க் மாநிலத்தில் ஆறு பள்ளிகளின் 2,342 மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்குக் கொடுத்த கேள்வித்தாளில் தற்கொலை பற்றிய கேள்விகள் இருந்தன. மீதிப் பேருக்கு இல்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது, கேட்கப்பட்டவர்களிடம் கலக்கமோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்கும் முன்பு முயன்றவர்களுக்கும் சற்று ஆறுதலாகவே இருந்தது. நேராகக் கேட்பது ஆபத்தல்ல என்பது இன்று ஐயமற்ற செய்தி.

கேட்பது ஒன்று, ஊரெல்லாம் பரப்புவது வேறு. வியன்னாவில் 1980-களில் சுரங்க ரயில் தற்கொலைகளைப் பத்திரிகைகள் படத்தோடும் விவரத்தோடும் வெளியிட்டுவந்தன. 1987-ல் அடக்கமாக எழுதும் நெறிமுறை வந்ததும் அந்த இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. ஒரு கல்லூரியில் ஓர் இறப்பு நேர்ந்தபின் கடைசிக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும், நடந்த விதத்தை விவரிப்பதும், இறந்தவரைத் தியாகி ஆக்குவதும் இதே ஆபத்தை விடுதிக்குள் கொண்டுவருகின்றன. துயரத்தை மறைக்கச் சொல்வதல்ல இது. இறந்தவரின் வாழ்க்கையைப் பேசலாம். இறந்த விதத்தைப் பேச வேண்டியதில்லை.

ஒருவர் முயன்று, பிழைத்து, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கோ விடுதிக்கோ திரும்பும் முதல் சில மாதங்களே மிக ஆபத்தானவை. பெரும்பாலான வீடுகளில் அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. கல்லூரியில் 'டைபாய்டு' என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த மௌனத்துக்கு மாற்றாக உலக சுகாதார நிறுவனம் ஐந்து நகரங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. சென்னை அவற்றில் ஒன்று, கொழும்பு இன்னொன்று. அவசரச் சிகிச்சைக்கு வந்த 1,867 பேரில் பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மீதிப் பாதிக்கு அதோடு ஒரு மணி நேர உரையாடலும், பிறகு ஒன்றரை ஆண்டில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ ஒரு விசாரிப்பும். பெரிய மருத்துவம் ஒன்றுமில்லை. எப்படி இருக்கிறீர்கள், உதவி ஏதாவது வேண்டுமா என்பதுதான். முடிவு 2008-ல் வந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 விழுக்காட்டினர். மருந்துக்கான ஆய்வுகளில்கூட இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வம். ஒரு கல்லூரியில் இதைச் செய்ய வார்டனோ மென்டரோ போதும், நாட்காட்டியில் ஒன்பது தேதியைக் குறித்துக்கொண்டால்.

சட்டமும் மாறியிருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அஞ்சி மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பது இனித் தேவையில்லை. 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' எனப்படும் மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வகுத்தது. பண்ருட்டி, நெய்வேலி, வடலூர் வட்டாரக் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். எத்தனையில் ஆலோசகர் வந்திருக்கிறார் என்று பெற்றோர் கேட்கலாம், கேட்க வேண்டும்.

நண்பர் ஒருவர் தூக்கமில்லாமல் தவித்தாலோ, எல்லோரிடமிருந்தும் விலகினாலோ, தனக்குப் பிடித்த பொருட்களைத் திடீரென்று பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ, 'நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி' என்று பேசினாலோ, நேராகக் கேளுங்கள். புத்தி சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள். அன்றிரவு அவரைத் தனியே விடாதீர்கள். ஆபத்தான பொருள் எதுவும் அவர் கைக்கெட்டாமல் செய்துவிடுங்கள். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காமல், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் சேவை இலவசம். அரசின் 'நட்புடன் உங்களோடு' மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. நாள் முழுவதும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டுச் சுகாதார உதவி எண் 104. சிநேகாவின் எண் 044-24640050.